கரும்புக்குத் தந்த சலுகை எங்கே போய்ச் சேர்ந்தது?

புதுச்சேரி நகரத்தை விட்டு வில்லியனூர் வழியாக மேற்கே போனால், திருக்கனூர், காட்டேரிக்குப்பம் வட்டாரத்தில் லிங்காரெட்டிப்பாளையம் இருக்கிறது. மண்ணாடிப்பட்டு கொம்யூனைச் சேர்ந்த இந்த ஊரில்தான் புதுச்சேரி கூட்டுறவு சர்க்கரை ஆலை நிற்கிறது. 1980-களில் உழவர்களை உறுப்பினர்களாகச் சேர்த்து எழுப்பிய ஆலை. 2017-லிருந்து அங்கே அரவை இல்லை. இந்த வட்டாரத்தில் எல்லைக்கோடு வயல்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடும். ஒரு வரப்புக்கு இந்தப் பக்கம் புதுவை, அந்தப் பக்கம் விழுப்புரம் மாவட்டம். மண்ணும் சங்கராபரணி ஆறும் இரண்டு பக்கத்துக்கும் பொது. அரசாங்கம் மட்டும் வேறு.

கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் கரும்பு விவசாயிகளின் பெயரைச் சொல்லி மத்திய அரசும் மாநில அரசுகளும் அறிவித்த வரிச்சலுகை, வட்டியில்லாக் கடன், மானியம், ஊக்கத்தொகை ஆகியவற்றை எண்ணிப் பார்த்தால் பட்டியல் நீளமானது. அவற்றில் எது உழவர் கைக்கு வந்தது, எது ஆலைக் கணக்கோடு நின்றது என்று பார்க்க இந்தியாவில் பல இடங்கள் உண்டு. புதுவையைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் இருக்கிறது. ஆலை ஓடும் ஊரில் சலுகை எந்த வழியாக வந்தது என்பது குழம்பிக் கிடக்கும். ஆலை நின்றுபோன ஊரில் அது பளிச்செனத் தெரிந்துவிடும்: ஆலை வழியாக வரவேண்டியவை எல்லாம் நின்றுபோயின, நேரடியாக வருபவை மட்டுமே வந்தன.

முதலில் உழவரின் சொந்த வரியைப் பார்த்துவிடலாம். வேளாண் வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி கிடையாது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(1) பிரிவு அதைத்தான் சொன்னது; அதற்கு முன்பிருந்த ஆங்கிலேயர் காலச் சட்டத்திலும் அப்படித்தான். வேளாண் வருமானத்துக்கு வரி போடும் அதிகாரத்தை அரசியல் சட்டம் மாநிலப் பட்டியலில் வைத்திருக்கிறது. தமிழ்நாடு 1955-ல் அப்படியொரு சட்டம் இயற்றியது. நாளடைவில் அது தேயிலை, காப்பி போன்ற தோட்டப் பயிர்களோடு சுருங்கியது. ஆகவே கரும்பு போடுகிறவருக்கு வருமான வரியில் புதிதாகத் தள்ளிக்கொடுக்க ஒன்றும் இல்லை. கரும்பு விவசாயிக்கு வரிச்சலுகை என்று தலைப்புச் செய்தி வரும்போதெல்லாம் அது வேறு யாருக்கோ தரும் சலுகை என்பதை இங்கேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் உழவர் மறைமுக வரி கட்டுகிறார். கரும்பை விற்கும்போது ஜி.எஸ்.டி. இல்லை. தன் நிலத்தில் விளைந்ததை விற்கும் விவசாயி ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்துகொள்ளவும் தேவையில்லை. சலுகை போலத் தோன்றும் இந்த விலக்கின் மறுபக்கம், உரத்துக்கும் பம்புசெட்டுக்கும் சொட்டுநீர்க் குழாய்க்கும் கட்டிய வரியை அவர் திரும்பப் பெற வழியில்லை என்பது. ஆலைக்கு அந்த வழி உண்டு. கட்டிய வரியை உள்ளீட்டு வரவாகக் கழித்துக்கொள்ளும். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கும் சொட்டுநீர்ப் பாசனக் கருவிகளுக்கும் 12 சதவீதமாக இருந்த வரி 5 சதவீதமாகவும், டிராக்டர் டயருக்கு 18 சதவீதமாக இருந்தது 5 சதவீதமாகவும் குறைந்தது. எந்த ஆலையின் தயவும் இல்லாமல் மண்ணாடிப்பட்டு உழவரையும் எட்டிய வரிக்குறைப்பு இது. பத்தாண்டுப் பட்டியலில் இப்படிப்பட்டவை மிகக் குறைவு.

இனி ஆலை மீதான வரிகள். ஜி.எஸ்.டி.க்கு முன்பு சர்க்கரை மீது ஒரு தீர்வை இருந்தது. 1982-ல் இயற்றிய இரண்டு சட்டங்களின்படி அந்தத் தீர்வை வசூலாகி, சர்க்கரை வளர்ச்சி நிதி என்ற பெயரில் ஆலைகளின் நவீனப்படுத்தலுக்கும் கரும்பு மேம்பாட்டுக்கும் குறைந்த வட்டிக் கடனாகத் திரும்பி வந்தது. குவிண்டாலுக்கு 24 ரூபாயாக இருந்த தீர்வையை 2016 தொடக்கத்தில் 124 ரூபாய் வரை உயர்த்தினார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது அது ஒழிந்தது. சர்க்கரைக்கு 5 சதவீத வரி நிலைத்தது. கரும்புக்கென்றே தனியாகச் சுரந்த ஓர் ஊற்றும் அதோடு வற்றியது.

அடுத்து மொலாசஸ். சர்க்கரை பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் கழிவுப்பாகுக்கு 28 சதவீத ஜி.எஸ்.டி. இருந்தது. 2023 அக்டோபர் 7 அன்று கூடிய ஜி.எஸ்.டி. மன்றத்தின் 52-வது கூட்டம் அதை 5 சதவீதமாகக் குறைத்தது. ஆலைகளின் கையில் பணப்புழக்கம் கூடும், கரும்பு நிலுவை விரைவில் தீரும் என்பதே மன்றம் சொன்ன காரணம். காரணம் நல்லது. மிச்சமான பணத்தை நிலுவைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் எங்கும் இல்லை.

உழவர் பெயரில் வந்த வரிச்சலுகைகளில் மிகப் பெரியது கூட்டுறவு ஆலைகளின் வருமான வரி விவகாரம்தான். அதைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். மத்திய அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச விலைக்கு மேல் மகாராஷ்டிராவிலும் குஜராத்திலும் உள்ள கூட்டுறவு ஆலைகள் தம் உறுப்பினர்களுக்குக் கூடுதல் விலை கொடுத்துவந்தன. கரும்பு வாங்கிய செலவு என்று ஆலைகள் கணக்கு எழுதின. உறுப்பினர்களுக்குப் பிரித்துக்கொடுத்த லாபம் என்றது வருமான வரித்துறை. லாபமென்றால் வரி உண்டு. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2019-ல் உச்ச நீதிமன்றம் தாஸ்காவ் தாலுகா ஆலை வழக்கில், கூடுதல் விலையில் லாபத்தின் பங்கு எவ்வளவு என்று ஒவ்வொரு ஆலைக்கும் தனித்தனியே கணக்கிடும்படி அதிகாரிகளிடம் திருப்பி அனுப்பியது. இதற்கிடையே 2015-ன் நிதிச் சட்டம், அரசு நிர்ணயித்த அல்லது ஒப்புக்கொண்ட விலை வரை கொடுத்தது முழுவதும் செலவுதான் என்று 36(1)(xvii) என்ற புதிய உட்பிரிவைச் சேர்த்தது. 2016-17 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் பாக்கி அப்படியே நின்றது. 2023 வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அந்தப் பழைய ஆண்டுகளுக்கும் செலவாகக் காட்ட வழிவிட்டார். இதனால் கிடைக்கும் நிவாரணம் ஏறத்தாழ 10,000 கோடி ரூபாய் என்று அவையில் சொன்னார். அதற்கு முந்தைய ஆண்டே கூட்டுறவுச் சங்கங்களின் குறைந்தபட்ச மாற்று வரியை 18.5 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைத்திருந்தார்கள்.

இந்த நிவாரணம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். உழவருக்குக் கூடுதல் விலை கொடுத்ததற்காக ஓர் ஆலையைத் தண்டிப்பது எந்த வகையிலும் சரியில்லை. ஆனால் இது யாருக்குப் பயன்படும் என்பதைப் பார்க்க வேண்டும். அரசு சொன்ன விலைக்கு மேலே கொடுக்கும் அளவுக்கு வருவாய் ஈட்டிய ஆலைக்குத்தான் இந்த வழக்கே வரும். குறைந்தபட்ச விலையையே நேரத்துக்குக் கொடுக்க முடியாமல் திணறி, நிலுவை வைத்து, கடைசியில் கதவைச் சாத்திய ஆலைக்கு லாபமும் இல்லை, லாபத்துக்கு வரியும் இல்லை, வரியில் சலுகையும் இல்லை. 10,000 கோடியில் லிங்காரெட்டிப்பாளையத்தின் பங்கு என்னவென்று கேட்டால் அதுதான் விடை. செழிப்பான ஆலைக்குச் செழிப்பையும் நலிந்த ஆலைக்கு ஒன்றுமில்லாமையையும் கொடுப்பதே லாப வரிச்சலுகையின் இயல்பு.

விலைக்கு வருவோம். 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைதான் எல்லாவற்றுக்கும் அடி. 2009-ல் குறைந்தபட்ச விலை என்ற ஏற்பாட்டை மாற்றி, நியாய ஆதாய விலை என்ற எஃப்.ஆர்.பி. முறையைக் கொண்டுவந்தார்கள். அதுவரை அந்த ஆணையில் இருந்த 5ஏ பிரிவு, ஆலையின் லாபத்தில் உழவருக்கும் பங்கு தரச் சொன்னது. அந்த மாற்றத்தோடு அதுவும் போயிற்று. 2009-10-ல் குவிண்டாலுக்கு 129 ரூபாய் 84 காசு. 2025-26 பருவத்துக்கு 355 ரூபாய். ஏறுமுகம்தான். ஆனால் 355 ரூபாய் என்பது 10.25 சதவீத சர்க்கரைக் கட்டுமானம், அதாவது எடையில் அந்த அளவு சர்க்கரை கிடைக்கும் கரும்புக்கு. கட்டுமானம் 9.5 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் 329 ரூபாய் 5 காசுதான். அதாவது டன்னுக்கு 3,290 ரூபாய் 50 காசு. நம் பக்கத்து ஆலைகளின் கட்டுமானம் பெரும்பாலும் இந்தக் கீழ்ப்படியிலேயே நிற்பதால், தொலைக்காட்சியில் அறிவிக்கும் விலை ஒன்று, இங்கே பட்டுவாடா ஆகும் விலை வேறொன்று. இந்த அடிப்படைக் கட்டுமான அளவையும் 2018-19-ல் 9.5-லிருந்து 10-ஆகவும், 2022-23-ல் 10.25-ஆகவும் ஏற்றிவிட்டார்கள். விலையை உயர்த்தும்போதே ஏணியின் முதல் படியையும் உயர்த்திய கதை இது.

அந்த விலையும் ஆலை வாசலில் கரும்பை இறக்கும்போது கிடைப்பது. கரணை, உழவு, நடவு, உரம், தண்ணீர், சோகை உரிப்பு, வெட்டுக்கூலி எல்லாம் அதற்குள் அடக்கம். மத்திய அரசின் வேளாண் செலவு, விலை ஆணையம் 2025-26-க்குக் கணக்கிட்ட உற்பத்திச் செலவு குவிண்டாலுக்கு 173 ரூபாய். கையிலிருந்து போன செலவும் குடும்பத்தாரின் உழைப்பும் மட்டும் அதில் உண்டு. நிலத்தின் வாடகையும் முதலீட்டின் வட்டியும் சேர்ந்தால்தான் முழுச் செலவு, எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் சொன்னதும் அந்த முழுச் செலவுக்கு மேல் பாதி. தண்ணீரும் வெட்டு ஆளும் அரிதாகிவிட்ட இந்த வட்டாரத்தின் செலவை அகில இந்திய சராசரியில் கரைத்துவிட்டு, இரண்டு மடங்கு விலை கொடுக்கிறோம் என்று மத்திய அரசு சொல்வதை இங்குள்ள எந்த உழவரும் ஏற்க மாட்டார்.

கட்டுப்பாட்டு ஆணையில் உழவருக்கு ஆதரவாக ஒரு நல்ல விதி இருக்கிறது. கரும்பு இறக்கிய 14 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. கொடுக்காவிட்டால் நிலவரிப் பாக்கி போல வசூலிக்க ஆட்சியருக்கு அதிகாரமும் உண்டு. எந்த மானியத்தையும் விட வலுவான பாதுகாப்பு இது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2024-25-ன் கீழ்ப்படி விலையான 3,151 ரூபாயில் 100 டன் கரும்பு கொடுத்தவருக்கு வரவேண்டியது 3,15,100 ரூபாய். ஓராண்டு தாமதமானால் வட்டி 47,265 ரூபாய். பிரதமரின் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு வருவது 6,000 ரூபாய். அதுவும் பட்டா உள்ளவருக்கு, குத்தகைக்குப் பயிர் செய்பவருக்கு இல்லை. சட்டப்படி வரவேண்டிய வட்டியை ஒழுங்காக வாங்கிக் கொடுத்தாலே ஏழெட்டு ஆண்டு கிசான் தொகைக்குச் சமம். ஆனால் நிலுவையை வாங்கவே சாலை மறியல் செய்ய வேண்டியிருக்கும்போது வட்டியைக் கேட்கும் தெம்பு யாருக்கும் மிஞ்சுவதில்லை. அதிகாரிகளும் ஆலையும் உழவரும் கூடும் முத்தரப்புக் கூட்டங்களில் அசலைத் தவணையில் தர ஒப்புக்கொள்வதே வெற்றியாகக் கொண்டாடப்படுகிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கிசான் கடன் அட்டையில் 3 லட்சம் ரூபாய் வரை பயிர்க்கடன் 7 சதவீத வட்டிக்குக் கிடைக்கும். தவணை தவறாமல் கட்டினால் மத்திய அரசு 3 சதவீதத்தைத் தள்ளிக்கொடுக்கும், 4 சதவீதம்தான் மிஞ்சும். ஆலை பணம் தராததால் தவணை தவறியவருக்கு அந்த 3 சதவீதமும் போய்விடும். ஒருவர் செய்த தாமதத்துக்கு இன்னொருவர் தண்டம் கட்டுகிறார். ஒரு கையால் கொடுத்த உதவி இப்படித்தான் உழவரிடமிருந்து நழுவுகிறது.

ஆலைகளைத் தூக்கிவிடத் தந்த உதவிகளை ஓட்டமாகப் பார்க்கலாம், ஏனென்றால் எல்லாவற்றின் அமைப்பும் ஒன்றுதான். 2014 தொடக்கத்தில் 6,600 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன். 2015-ல் 6,000 கோடி ரூபாய் சலுகைக் கடன். 2017-18-ல் சர்க்கரை உற்பத்தி மிதமிஞ்சிப் போய், நாடு முழுவதும் நிலுவை 23,000 கோடி ரூபாயைத் தொட்டபோது, அரைத்த கரும்புக்குக் குவிண்டாலுக்கு 5 ரூபாய் 50 காசு. அடுத்த பருவத்துக்கு 13 ரூபாய் 88 காசு. 2018 ஜூனில் சர்க்கரைக்குக் கிலோ 29 ரூபாய் என்று குறைந்தபட்ச விற்பனை விலை வைத்தார்கள். 2019 பிப்ரவரியில் அது 31 ஆனது. 2019-20-ல் 60 லட்சம் டன் ஏற்றுமதிக்கு டன்னுக்கு 10,448 ரூபாய் மானியம். அடுத்த ஆண்டு டன்னுக்கு 6,000. இவற்றில் சிலவற்றில் பணத்தை நேராக உழவர் வங்கிக் கணக்கில் போட வேண்டும் என்று விதித்தது பாராட்டத்தக்க முன்னேற்றம். என்றாலும் கணக்கைத் தயாரித்துக் கொடுப்பது ஆலை. தொகைக்கு அளவுகோல் ஆலை அரைத்த கரும்பு, ஆலை ஏற்றுமதி செய்த சர்க்கரை. 2017-ல் அரவையை நிறுத்திய ஆலைக்கு 2018-ல் அரைத்த கரும்புக்கான உதவி எப்படி வரும்?

இவற்றுக்கு வெளியிலிருந்தும் எதிர்ப்பு வந்தது. ஆஸ்திரேலியாவும் பிரேசிலும் குவாதமாலாவும் தொடுத்த வழக்கில், இந்தியாவின் கரும்பு விலையும் ஏற்றுமதி மானியமும் விதிமீறல் என்று உலக வர்த்தக அமைப்பின் குழு 2021 டிசம்பரில் முடிவு சொன்னது. இந்தியா மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டு மன்றம் உறுப்பினர்கள் இல்லாமல் முடங்கியிருப்பதால் வழக்கு அந்தரத்தில் நிற்கிறது. வருங்காலத்தில் ஏற்றுமதி மானியத்தை நம்பிப் பயிரிட முடியாது என்பதே இதன் பொருள்.

புதுவையின் நிலைக்கு வருகிறேன். இச்சிறு ஆட்சிப்பகுதியில் இரண்டு சர்க்கரை ஆலைகள் இருந்தன. கூட்டுறவு ஆலையைத் தவிர, நகரத்துக்கு மேற்கே அரியூரில் நியூ ஹொரைசன் என்ற தனியார் ஆலை இருந்தது. அது கடனில் மூழ்கி, கடன் கொடுத்த வங்கியால் விற்கப்பட்டு, ஈ.ஐ.டி. பாரி நிறுவனத்தின் கைக்குப் போனது. பின்னர் அங்கும் அரவை நின்றது. இன்று புதுவைக் கரும்பு அரைபட வேண்டுமானால் எல்லை தாண்ட வேண்டும்: முண்டியம்பாக்கத்துக்கோ நெல்லிக்குப்பத்துக்கோ. கரும்பு வெட்டிய நேரத்திலிருந்து எடையும் சர்க்கரையும் இறங்கிக்கொண்டே இருக்கும்; ஒரு நாளைக்குள் அரைப்பதே முறை. அடுத்தவர் ஆலையின் வெட்டு உத்தரவுக்குக் காத்திருப்பவருக்கு அந்த ஒரு நாள் தன் கையில் இல்லை. சவுக்கும் மரவள்ளியும் கரும்பு நிலத்தைப் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை. சவுக்குக்கு வெட்டு உத்தரவு வேண்டியதில்லை.

நியூ ஹொரைசன் பெயரில் வந்த ஒரு வழக்கு இங்கே நினைக்கத்தக்கது. நிதி நிறுவனங்களில் பணம் போட்டு ஏமாந்தவர்களைக் காக்கப் புதுச்சேரி 2004-ல் ஒரு சட்டம் இயற்றியது. நிறுவனத்தின் சொத்தை முடக்கி, விற்று, முதலீட்டாளருக்குப் பணம் கொடுக்க அது வழிசெய்கிறது. அந்தச் சட்டம் செல்லாது என்று இந்த ஆலை நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2012-ல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. தன் மக்களின் பணத்தைக் காக்கத் தனிச்சட்டம் இயற்றும் திறன் இந்தச் சிறு சட்டமன்றத்துக்கு உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கரும்பைக் கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருப்பவரும் ஆலைக்குக் கடன் கொடுத்தவர்தானே! அவர் பத்து மாதம் வளர்த்ததைக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு கொடுத்திருக்கிறார். வைப்புத்தொகை போட்டவருக்குக் கிடைத்த காவல் அவருக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் காவிரிப் படுகையில் திருமண்டங்குடி சாட்சி. அங்கிருந்த திரு ஆரூரான் ஆலை நொடித்துத் திவால் நடைமுறைக்குப் போனபோது, அடமானம் பெற்ற வங்கிகள் வரிசையில் முன்னே நின்றன. கரும்பு கொடுத்தவர்கள் பின்னே நின்றார்கள். தங்கள் பெயரிலேயே வங்கிக் கடன் வாங்கப்பட்டிருக்கிறது என்ற பேரதிர்ச்சியும் சேர்ந்தது. நிலுவையையும் கடன் விடுவிப்பையும் கேட்டு 2022 நவம்பர் இறுதியில் அங்கே அவர்கள் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள்.

விலை விஷயத்தில் தமிழ்நாடு போன பாதையும் பாடமாகும். மத்திய விலைக்கு மேலே மாநிலப் பரிந்துரை விலை என்று ஒன்றை நெடுங்காலம் அறிவித்துவந்தது. அதைத் தனியார் ஆலைகள் பலவும் கொடுக்காமல் நிலுவையாகவே வைத்தன. 2018-ல், ஆலையின் வருவாயில் உழவருக்குப் பங்கு தரும் வருவாய்ப் பங்கீட்டு முறைக்குச் சட்டம் இயற்றப்பட்டது; பரிந்துரை விலை போயிற்று. அதன்பின் அரசே தன் கருவூலத்திலிருந்து உழவர் கணக்கில் சிறப்பு ஊக்கத்தொகை செலுத்தத் தொடங்கியது: 2022-23 பருவத்துக்கு டன்னுக்கு 195 ரூபாய், அடுத்த பருவத்துக்கு 215, 2024-25-க்கு 349. 3,151-உடன் 349 சேர்ந்து 3,500. 2021 தேர்தலில் தி.மு.க. வாக்குறுதி தந்தது 4,000, ஆகவே குறை இன்னும் உண்டு. ஆனாலும் பணம் போகும் வழி சரியானது. ஆலையிடம் கூடுதல் விலையைக் கட்டளையிட்டுவிட்டு வாங்கித்தராமல் இருப்பதைவிட, அரசு தானே ஒரு தொகையை உழவர் கணக்கில் போடுவது மேல்.

புதுவை அதைச் செய்ய முடியுமா என்றால், பணம் எங்கே என்று கேட்பார்கள். கேள்வி நியாயமே. சட்டமன்றம் உள்ள ஒன்றியப் பிரதேசமாகிய புதுச்சேரி, நிதிக்குழுவின் வரிப் பகிர்வில் சேரவில்லை. மத்திய அரசின் கொடையையும் தன் வரி வருவாயையும் கொண்டு ஓடுகிறது. வரவுசெலவுத் திட்டத்துக்கே தில்லியின் முன் ஒப்புதல் வேண்டும். ஆனால் அந்தச் சொந்த வருவாயில் மதுவின் மீதான கலால் வருவாய் ஒரு பெரும் தூண். எரிசாராயம் பெருமளவு மொலாசஸிலிருந்து வந்த பொருள். கரும்பின் கடைசிச் சொட்டில் கருவூலம் நிறையும் ஊரில், அந்த வருவாயில் ஒரு சிறு பங்கைக் கரும்பு போடுகிறவருக்கு டன் கணக்கில் ஒதுக்கச் சொல்வது அதிகப்படியான கோரிக்கை ஆகாது. இங்கே மிஞ்சியிருக்கும் கரும்புப் பரப்பு சிறியது; டன்னுக்கு 349 ரூபாய் வீதம் கொடுத்தாலும் ஒரு லட்சம் டன்னுக்கு மூன்றரைக் கோடி ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் என்பதால் ஒரு பழைய உறவையும் சொல்லத் தோன்றுகிறது. 1848-ல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்தபோது, அங்கிருந்த கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களைக் கப்பலேற்றினார்கள். 1853-ல் மார்த்தினிக்குக்கும், 1854-ல் குவாதலூப்புக்கும் முதல் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. ரெயூனியனுக்கும் ஆயிரக்கணக்கில் போனார்கள். அந்தத் தீவு இன்றும் பிரான்சின் பகுதி. அங்கே இன்று இரண்டு சர்க்கரை ஆலைகள்தான் மிச்சம். 2017 அக்டோபர் 1-ல் ஐரோப்பிய ஒன்றியம் சர்க்கரை ஒதுக்கீட்டு முறையைக் கைவிட்டபோது, உலகச் சந்தையில் அத்தீவின் கரும்பு நிற்காது என்று தெரிந்து பிரெஞ்சு அரசு தன் உதவியைக் கூட்டியது. 2022-ல் அரசும் உழவர்களும் ஆலை நிறுவனமும் 2027 வரைக்குமான ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். விலை, உதவி, அவரவர் கடமை எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. நம் முத்தரப்புக் கூட்டம் போன்றதே அது. ஆனால் ஆண்டுக்கணக்கில் கட்டுப்படுத்தும் எழுத்து. பிரான்சைப் போலச் செலவழிக்க நமக்கு வசதியில்லை. ஐந்தாண்டுக்கு என்ன கிடைக்கும் என்று உழவருக்கு முன்கூட்டியே எழுதிக்கொடுக்கப் பணம் வேண்டியதில்லை, மனம் போதும். கரும்பு நட்டால் முதற்பயிரும் மறுதாம்பும் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டு நிலத்தைக் கட்டிப்போடும் பயிர். ஆண்டுக்கொரு அறிவிப்பை வைத்துக்கொண்டு யாரும் அதில் துணிந்து இறங்க முடியாது.

ஆலையைத் திறக்க வேண்டும் என்பதே புதுவை உழவர் சங்கங்களின் முதல் கோரிக்கை. தனியாருக்குக் குத்தகைக்கு விடலாம், கூட்டாக நடத்தலாம் என்று ஆட்சிகள் மாறி மாறிப் பேசியிருக்கின்றன. என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன்: நிற்கும் இயந்திரங்களுக்குப் பழைய அளவில் உயிர் கொடுப்பது மட்டும் போதாது. சர்க்கரையை மட்டும் விற்று இந்தக் காலத்தில் சிறிய ஆலை பிழைக்காது. 2019-லிருந்து ஆறு ஆண்டுகள் சர்க்கரையின் குறைந்தபட்ச விற்பனை விலை 31 ரூபாயிலேயே நின்றது. கரும்பு விலையோ அதே காலத்தில் 275-லிருந்து 355-க்குப் போனது. அந்த இடைவெளியைத் தாங்கிய ஆலைகள் சக்கையில் மின்சாரமும் பாகில் எத்தனாலும் எடுத்தவை. அந்த வசதியோடு திறப்பதானால் திறக்கட்டும், அதற்குக் கரும்பும் வேண்டும்; அருகே கடலூரிலேயே கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கட்டுமானம் கூடிய இரகங்களை வயலுக்குக் கொண்டுவர அதன் துணை கிடைக்கும். முடியாதென்றால் முடியாது என்று அரசு சொல்லிவிட வேண்டும். உறுப்பினர்களின் பங்குத்தொகைக்கும் தொழிலாளரின் பாக்கிக்கும் கணக்குத் தீர்த்து, வெளி ஆலைக்குப் போகும் கரும்புக்கு வண்டி வாடகையை ஏற்க வேண்டும். திறப்போம் என்ற வாக்குறுதியை நம்பிப் எந்த ஆலையிலும் பதியாத கரும்பை நட்டுவைத்துக் காத்திருப்பவருக்குத்தான் மிகப் பெரிய இழப்பு.

அடுத்த வரவுசெலவுத் திட்டம் புதுச்சேரிச் சட்டமன்றத்துக்கு வரும்போது உறுப்பினர்கள் மூன்றைக் கேட்டு வாங்க வேண்டும். எந்த ஆலைக்குக் கொடுத்தாலும் புதுவைக் கரும்புக்கு டன் கணக்கில் உழவர் வங்கிக் கணக்கில் நேரடித் தொகை. வைப்பாளர் பாதுகாப்புச் சட்டத்தைப் போல, ஆலையின் சர்க்கரை மீதும் சொத்தின் மீதும் கரும்புப் பணத்துக்கு முதல் உரிமை தரும் சட்டம். 14 நாளைத் தாண்டிய ஒவ்வொரு நிலுவைக்கும் 15 சதவீத வட்டியைக் கணக்கிட்டு ஆண்டுதோறும் அவையில் வைக்கும் அறிக்கை. தொகுதியில் ஒரு கரும்பு வயலாவது உள்ள ஒவ்வொரு உறுப்பினரும் இதைக் கேட்கக் கடமைப்பட்டவர். அந்தத் தொகுதியின் வாக்காளர்கள் அவரிடம் கேட்கக் கடமைப்பட்டவர்கள்.